ஆஸ்பத்திரியில் தவறு நடந்துவிட்டால்: டாக்டரிடம் உண்மையைக் கேட்டு வாங்கும் வழி

என் அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டுகளைப் பாதிக்கும் நோய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மறுநாள் ஃபோலிக் ஆசிட். பல வருஷமாக இதுதான் கணக்கு. போன வருஷம் காலில் சீழ் வைத்து, சென்னையில் வில்லிவாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். வீட்டுக்கு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மாத்திரைக்கு நேராக 1-0-0 என்று அச்சாகியிருந்தது. அதாவது தினமும் காலையில் ஒன்று. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் கொடுத்தது வேறு கம்பெனி, அட்டையின் நிறமும் வேறு. அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. டப்பாவில் மாத்திரையைப் பிரித்துப் போட்டது நான். எனக்கும் தெரியவில்லை.

ஒன்பதாவது நாள் வாயெல்லாம் புண். மோர்கூட இறங்கவில்லை. மேலே காய்ச்சல் வேறு. அதே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணு 1,400. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். ராத்திரி டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் சம்மரியை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "பெரிய டாக்டர் காலையில வந்து பேசுவார் மேடம்" என்றார்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு முறிவு மருந்தான ஃபோலினிக் ஆசிட் ஊசியை அன்று ராத்திரியே போட்டுவிட்டார்கள். அதற்கு அந்தத் தம்பிக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் பெரிய டாக்டர் உட்கார்ந்து பேச 19 நாள் ஆனது. அதுவரை கேட்டவரிடமெல்லாம் "இன்ஃபெக்‌ஷன், வயசாயிடுச்சுல்ல" என்ற பதில்தான். அம்மாவோ படுக்கையில் கிடந்தபடி, "நான்தான் மாத்திரையை மாத்திப் போட்டுக்கிட்டேனோ" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த 19 நாளை உங்களுக்கு முடிந்தவரை குறைத்துத் தரத்தான் இதை எழுதுகிறேன். கேஸ் போடும் வழியைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை டாக்டரின் வாயாலேயே கேட்பதுதான் இங்கே விஷயம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளிக்குப் பாதிப்பு என்றால் ஆஸ்பத்திரி தானாகவே முன்வந்து சொல்லியாக வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது என்றும் அங்கே 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் இந்த இரண்டுமே இல்லை. அதனால் "ஸாரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவே நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்குமோ என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள். அந்த மௌனத்தில் கள்ளத்தனமும் இருக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் பயம்தான் என்பது என் அனுபவம். பயந்த ஆளைப் பேச வைக்கிற விதம் வேறு.

1. முதல் நாள்: வைத்தியம் முதலில், விசாரணை பிறகு

நோயாளி இன்னும் ஆபத்தில் இருக்கும்போது "யார் பண்ணது?" என்ற கேள்வி வேண்டாம். "இப்போ என்ன பண்றீங்க, அடுத்த ஆறு மணி நேரத்துல எதைப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். அதே ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை என்றால் மாற்றலாம், அது உங்கள் உரிமை. ஆனால் வழியில் தாங்குவாரா என்று ஒரு டாக்டரிடம் கேட்காமல் ஆம்புலன்ஸ் ஏற்றாதீர்கள்.

அன்றைக்கே செய்து முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. மாத்திரை அட்டை, ஊசி மருந்துக் குப்பி, மருந்துக் கடை பில், இவற்றில் எதையும் குப்பையில் போடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ஒரிஜினலை யாராவது "ஃபைலில் சேர்க்கணும்" என்று கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். நான் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்க ஆறு நாள் அலைந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று எழுத ஆரம்பியுங்கள். "காலை 7.40, சிஸ்டர், கவுண்ட் குறைஞ்சிருக்குன்னு சொன்னார்" என்கிற மாதிரி இருந்தால் போதும். உங்கள் அபிப்பிராயத்தை அதில் எழுத வேண்டாம்.

உயிரே போய்விட்டிருந்தால் நேரம் இன்னும் குறைவு. காரணத்தில் சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று உடலை வாங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். தகனம் முடிந்தபின் இந்தக் கதவு மூடிவிடும். பில் பாக்கிக்காக உடலை நிறுத்திவைப்பது நோயாளி உரிமைச் சாசனத்துக்கு விரோதம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த சாசனம் அது. அந்தப் பேரைச் சொன்னாலே கவுண்டரில் தொனி மாறும்.

2. கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள்

கேஸ் ஷீட் என்பது நோயாளிக்குச் செய்ததையெல்லாம் ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் ஃபைல். நான் எட்டு நாளைத் தொலைத்த இடம் இது. பி.ஆர்.ஓ. என்கிற மக்கள் தொடர்பு அலுவலரிடம் வாயால் கேட்டேன், எம்.ஆர்.டி.யில், அதாவது பதிவேடுகள் வைத்திருக்கும் பிரிவில், கேளுங்கள் என்றார். எம்.ஆர்.டி.யில் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டாக்டர் ஓ.பி.யில் இருந்தார். ஓ.பி. முடிந்ததும் கிளம்பிவிட்டார். மறுநாள் மறுபடி பி.ஆர்.ஓ.

கடிதமாகக் கொடுத்த மூன்றாம் நாள் ஃபைல் வந்தது. காரணம் சட்டம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பது தொழில் ஒழுங்கீனம். 2023 ஆகஸ்டில் வந்த புது விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன, ஆகவே 2002 விதிகள்தான் நடப்பில் இருக்கின்றன. உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. நோயாளி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்றால் 24 மணி நேரத்துக்குள் நகல் தருவது நல்லது என்கிறது உரிமைச் சாசனம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பெறுநர் மருத்துவக் கண்காணிப்பாளர். நோயாளி பெயர், உள்நோயாளி எண் (ஐ.பி. எண்), சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி. பிறகு "முழு கேஸ் ஷீட்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் பிரித்துக் கேளுங்கள்: டாக்டர்கள் தினமும் எழுதிய குறிப்பு, சிஸ்டர்கள் குறிப்பு, மருந்து கொடுத்த சார்ட், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி., சம்மதப் படிவங்கள், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன் குறிப்பும் மயக்க மருந்துக் குறிப்பும், வேறு டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் எழுதியது, இனவாரியான பில். கீழே 2002 விதிகளையும் 72 மணி நேரத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நோயாளியின் கையெழுத்து வேண்டும். முடியாத நிலை என்றால் கைரேகை, கூடவே உங்களை அனுமதிக்கும் கடிதம், இருவர் ஆதார் நகல். நோயாளி இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்ட குடும்ப அட்டையும் வையுங்கள். சில இடங்களில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு இழுப்பார்கள். அதற்குத் தாசில்தார் ஆபீஸில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், எனவே முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீல், தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்து. சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, அதையே ஈமெயிலிலும் அனுப்புங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

எனக்கு 212 பக்கம், பக்கத்துக்கு 5 ரூபாய், மொத்தம் 1,060 ரூபாய். ரசீது வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஆஸ்பத்திரி சீல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்துக்கு எண் போட்டு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். முதலில் என்னிடம் டிஸ்சார்ஜ் சம்மரியின் இன்னொரு நகலைக் கொடுத்து "இதான்மா ஃபைல்" என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் இதே கடிதத்தை நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அங்கே எல்லோரும் ஆர்.எம்.ஓ. என்றுதான் சொல்வார்கள். தாமதமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்: 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பிறகு பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் அவகாசம்.

212 பக்கத்தில் எனக்குப் பதில் கிடைத்தது ஒரே பக்கத்தில். வார்டில் இருந்தபோது எழுதிய மருந்துச் சார்ட்டில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நேராக ஞாயிறு மட்டும் டிக் இருந்தது, மற்ற நாள்களின் கட்டங்களில் பேனாவால் குறுக்கே கோடு. சிஸ்டர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் சம்மரி அடிக்கும்போதுதான் எல்லா மாத்திரையோடும் சேர்ந்து இதுவும் தினசரிக் கணக்கில் விழுந்திருக்கிறது. அதுவரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது ஒரு சிஸ்டரை.

3. ஃபைலை வேறொரு டாக்டரிடம் படிக்கக் கொடுங்கள்

அந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத, அதே துறையில் இருக்கும் ஒருவர். நான் அண்ணா நகரில் ஒருவரிடம் சாதாரண கன்சல்டேஷனாகவே போனேன், 1,000 ரூபாய். 212 பக்கத்தையும் அவர் மேஜையில் கொட்டாமல், முக்கியமான 12 பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டி எடுத்துப் போனேன். பத்து நிமிஷத்தில் படித்துவிட்டார்.

அவரிடம் "தப்பு யார் மேல?" என்று கேட்காதீர்கள், எந்த டாக்டரும் வாயைத் திறக்க மாட்டார். "இது எல்லாம் சரியாகச் செய்தாலும் வரக்கூடியதா, தவிர்த்திருக்கக் கூடியதா?" என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து தையலில் சீழ் பிடிப்பது எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வரும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஃபைல் அட்டையிலேயே எழுதியிருக்கும்போது பென்சிலின் போடுவது வேறு கதை. அடுத்தது, "இதனால் இனி என்ன பாதிப்பு, எத்தனை நாளைக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும்?" வழக்கைவிட இதுதான் முக்கியம், பலரும் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எழுத்தில் கொடுங்கள் என்று அவரை வற்புறுத்த வேண்டாம். இந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தேவை புரிதல்தான்.

சில சமயம் பதில் "இது தவறே இல்லை" என்று வரும். அப்போதும் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போகிற மனநிலை மட்டும் மாறும்.

4. சந்திப்புக்கு நேரம் வாங்குங்கள், கூட்டமாகப் போகாதீர்கள்

முதல் வாரம் ஆறு பேர் போனோம். என் மாமா ரிசப்ஷனில் நின்று, "யோவ், கூப்பிடுய்யா உன் டாக்டரை!" என்று கத்தினார். செக்யூரிட்டி வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் போனையே யாரும் எடுக்கவில்லை. மருத்துவப் பணியாளர்களையும் ஆஸ்பத்திரிச் சொத்தையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் விட முடியாத பிரிவு. ஒரு கண்ணாடி உடைந்தால் நீங்கள் புகார்தாரர் என்ற இடத்திலிருந்து குற்றவாளி என்ற இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஈமெயில் அனுப்புங்கள். வைத்தியம் பார்த்த டாக்டர், மருத்துவக் கண்காணிப்பாளர் இருவருக்கும். விஷயம் இவ்வளவுதான்: "என் தாயாருக்கு இந்தத் தேதியில் நடந்தது குறித்து நேரில் விளக்கம் வேண்டுகிறோம். அரைமணி நேரம் போதும். நோயாளியும் நானும் இன்னொருவரும் வருவோம்." குற்றச்சாட்டு வேண்டாம், "வக்கீல்" என்ற சொல்லும் வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஈமெயில் டாக்டரிடமிருந்து லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விடும், அதன்பின் நீங்கள் பேசுவது டாக்டரோடு அல்ல. பி.ஆர்.ஓ. மட்டும் வருவதாகச் சொன்னால் மரியாதையாக மறுத்து, வைத்தியம் பார்த்தவர் வேண்டும் என்று மறுபடி எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஆஸ்பத்திரி நிர்வாக இயக்குநருக்கு நகலோடு நினைவூட்டல்.

முடிந்தால் நோயாளியையே அழைத்துப் போங்கள். பெரியவர்களுக்கு மனக்கஷ்டம் என்று நாம் மறைக்கிறோம். டாக்டர்கள் நம்மிடம் மறைப்பதும் அதே சாக்கைச் சொல்லித்தான்.

5. அந்த அறையில்

எங்களைக் கூப்பிட்டது ஓ.பி. அறைக்கு அல்ல, முதல் மாடியில் ஒரு சின்ன மீட்டிங் அறைக்கு. டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டார். போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னது இது, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன்:

"அம்மா, வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டிய மாத்திரையை தினமும்னு எழுதிக் கொடுத்துட்டோம். சம்மரி அடிச்சப்போ நடந்த தப்பு. நான் கையெழுத்துப் போட்டேன், சரியாப் படிக்கல. அதனாலதான் உங்களுக்கு வாய்ப்புண்ணும் ரத்த அணு குறைஞ்சதும். நீங்க ஒண்ணும் தப்பா சாப்பிடல, நாங்க எழுதினபடிதான் சாப்பிட்டீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இத்தனை நாள் என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே, தம்பி" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிரில் இருப்பவர் உண்மை பேசுகிறாரா, பூசி மெழுகுகிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, அதுதான். "மாத்திரை மாறிடுச்சு" என்றால் மாத்திரை தானாகவே எழுந்து மாறிக்கொண்ட மாதிரி. "மாத்திரையை மாத்திட்டோம்" என்றால் செய்த ஆள் வாக்கியத்துக்குள் வந்துவிட்டார். "ஊசி ஓவராயிடுச்சு", "ரிப்போர்ட் மிஸ்ஸாயிடுச்சு", "இப்படி ஆயிடுச்சு" என்றே பேச்சு ஓடினால் கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும், "ஆயிடுச்சுன்னா, யார் எப்போ செஞ்சாங்க டாக்டர்?" என்று திருப்பிக் கேளுங்கள். மூன்று முறை கேட்டால் வினை மாறும்.

கேட்க வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள், அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் காகிதத்தில் இருந்தவை:

என்ன நடந்தது, எந்த நேரத்தில், உங்களுக்கு எப்போது தெரியவந்தது?
தெரிந்தும் எங்களிடம் சொல்ல ஏன் இத்தனை நாள்?
உடம்பில் இப்போது என்ன பாதிப்பு, இனி என்ன வரலாம்?
அதற்கான வைத்தியத்தை யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது?
ஆஸ்பத்திரிக்குள் இதைச் சம்பவமாகப் பதிவு செய்தீர்களா? காரணம் ஆராய்ந்தீர்களா?
அடுத்த நோயாளிக்கு இது நடக்காமல் இருக்க என்ன மாற்றினீர்கள்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற இடம் என்றால், லாபியில் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மாதிரிச் சம்பவங்களைப் பதிந்து காரணம் ஆராயும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பதில், இப்போது மெத்தோட்ரெக்ஸேட் என்று அடித்தாலே "வாரம் ஒருமுறை, எந்தக் கிழமை?" என்று கம்ப்யூட்டர் கேட்கிறதாம், கிழமையை நிரப்பாமல் பிரிண்ட் வராதாம். மன்னிப்பைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

எல்லாக் கேள்விக்கும் அன்றே பதில் வராது. "இது இன்னும் எங்களுக்கே தெளிவாகல, பார்த்துச் சொல்றோம்" என்பது மோசமான பதில் இல்லை, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டால்.

ரகசியமாகப் போனில் ரெக்கார்ட் செய்யும் யோசனையைப் பலர் சொன்னார்கள். மேஜை மேல் வைத்து, "ரெக்கார்ட் பண்ணிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பேன் என்றேன். கேட்டேன், வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருக்கும் போனை அவர் பார்த்திருந்தால் அந்த நாற்காலி மேஜைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

இதைப் படிக்கிற ஹவுஸ் சர்ஜன்கள், இளம் டாக்டர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கும் நாலு வரி. தெரிந்த உடனே உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள், அவரை அழைத்துக்கொண்டு அன்றைக்கே குடும்பத்திடம் வாருங்கள். சிஸ்டர் மேல் பழியைத் தள்ளாதீர்கள். கேஸ் ஷீட்டில் பழைய வரியை அடித்துத் திருத்தாதீர்கள், புதிதாகத் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். "ஆனா நீங்களும் கவனிச்சிருக்கணும்" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்று ராத்திரி விரல் நின்ற இடத்தில் அந்தத் தம்பி, "இந்த மாத்திரையில ஒரு பிரச்சினை இருக்கு, அதுக்குத்தான் ஊசி போடறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

6. பேசியதை அன்றைக்கே ஈமெயிலில் போடுங்கள்

வீட்டுக்கு வந்து சாப்பிடுவதற்கு முன்னால் செய்யுங்கள். "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதாக நாங்கள் புரிந்துகொண்டவை" என்று ஆரம்பித்து எண் போட்டு எழுதுங்கள். "ஏதும் தவறாக இருந்தால் ஏழு நாளில் தெரிவிக்கவும்" என்று முடியுங்கள். ரெக்கார்டிங்கைவிட இது பல மடங்கு மேல். எங்களுக்கு நாலாம் நாள் ஒரே ஒரு திருத்தத்தோடு பதில் வந்தது.

7. பணமும் கையெழுத்தும்

இரண்டாவது முறை சேர்த்ததற்கு பில் 1,38,000 ரூபாய். அதைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடப் போனவளை நிறுத்தியது மூன்றாவது பத்தி: "இச்சம்பவம் தொடர்பாக இனி எக்காலத்திலும் எவ்விதக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்."

எந்தக் காகிதத்திலும் அதே இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "இரண்டு நாள்ல படிச்சுட்டுத் தரேன்" என்று வாங்கி வாருங்கள். வக்கீலிடம் காட்ட எனக்கு 1,500 ரூபாய் ஆனது. மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டு, பில் தள்ளுபடி, ஆறு மாதத்துக்கு இலவச ரத்தப் பரிசோதனை என்று மட்டும் வைத்து எழுதித் தரச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் உயர்நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.

8. பேச்சு பலிக்கவில்லை என்றால்

எங்களுக்கு இந்தப் படிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் நடுவில் நம்பிக்கை விட்டுப்போன ஒரு வாரம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்தேன்.

டாக்டரின் நடத்தை பற்றிய புகார் அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. ஃபைல் நகல், சம்பவ வரிசை, உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், நோட்டரிக்குச் சில நூறு ரூபாய். ஆறு மாதத்தில் முடிவு என்று விதி இருக்கிறது, கூடுதலாகவே ஆகும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தராது. இதைத் தெரியாமல் வருஷக்கணக்கில் அங்கே காத்திருப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியின் வசதி, ஆள் பற்றாக்குறை, உரிமம் பற்றிய புகார் என்றால் அரசின் மருத்துவ ஊரக நலப்பணிகள் இயக்குநரகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போக வேண்டும், மெட்ரோ வாசலிலேயே இறங்கலாம்.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் அது பணம் கட்டியதுதான். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது. அங்கே டீனிடம் மனு, 104 என்ற உதவி எண்ணில் புகார், ஒரு வருஷத்துக்குள் மாநில மனித உரிமை ஆணையம் என்று போக வேண்டும்.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் நஷ்டஈடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. ஆஸ்பத்திரி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் மருத்துவ விஷயத்தில் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் எழுத்தில் இல்லாமல் போவது கஷ்டம். செலவில் பெரிய பங்கு அதற்கும் வக்கீலுக்கும்தான். கேஸை முடிக்கச் சட்டம் மூன்றிலிருந்து ஐந்து மாதம் என்கிறது. வருஷக்கணக்கில் ஓடும் கேஸ்களையும் பார்த்தேன்.

போலீஸ் புகார் கடைசி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் டாக்டரின் அலட்சியத்தால் மரணம் என்றால் இரண்டு வருஷம் வரை சிறை. ஆனால் சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்பது 2005ஆம் வருஷ உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தவறு எல்லாமே சட்டத்தின் கண்ணில் அலட்சியம் ஆகிவிடாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் அவகாசம். "பேசிட்டுத்தானே இருக்கோம் மேடம்" என்று ஆஸ்பத்திரி இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழியும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் விடலாம். சம்பவம் நடந்த தேதியிலிருந்து ஒன்றரை வருஷம் எண்ணி, அந்த நாளைக் காலண்டரில் இப்போதே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.